பேய்க்குச் சட்டை தைத்தவன் யார்?

(நாங்குநேரியில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது பேய் வேஷத்தைப் பற்றியாகும். நாங்குநேரிக்கு வந்து பேசுவதற்கு வேறு சங்கதி அகப்படவில்லையா, குளத்துக்குத் தண்ணீர் வேண்டியிருக்கிறது, படித்த பிள்ளைகளுக்கு உத்தியோகம் வேண்டியிருக்கிறது, இதையெல்லாம் விட்டுவிட்டுப் பேயையா கட்டிக்கொண்டு அழுவது என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பேய்க்குப் பயந்து பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்திக்கொள்ளுகிறவன் தண்ணீருக்காகக் கலெக்டர் முன்னால் போய் நிற்கமாட்டான். இல்லாத ஒன்றுக்குப் பயந்து பழகிய மனிதன், இருக்கிற பெரிய மனிதர்களுக்கெல்லாம் யாரும் சொல்லாமலே பயந்துகொள்ளுவான். ஆகையால் இது தண்ணீர்ப் பேச்சுக்கு முந்திய பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்பொழுது சில வருஷங்களாகச் சென்னை, பெங்களூர் போன்ற பட்டணங்களில் ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. அக்டோபர் மாதம் 31-ந் தேதி ஹாலோவீன் என்று சொல்லிக்கொண்டு, பெரிய கடைகளிலும், கம்பெனிகளிலும், சில இங்கிலீஷ் பள்ளிக்கூடங்களிலும் இரத்தம் குடிக்கும் பேய், எலும்புக்கூடு, சூனியக்காரி, கத்தி எடுத்த கொலைகாரன் ஆகிய வேஷங்களைப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். அமெரிக்காவில் குழந்தைகள் இந்த வேஷத்தோடு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். கிறிஸ்தவர்கள் நவம்பர் 1-ந் தேதியை எல்லாப் புனிதர்கள் நாள் என்கிறார்கள். அதற்கு முதல்நாள் ராத்திரிதான் இந்த ஹாலோவீன். மறுநாளாகிய 2-ந் தேதி நம் கடற்கரைக் கிராமங்களில் கல்லறைகளில் மெழுகுவர்த்தி கொளுத்துகிறார்களே, அந்தக் கல்லறைத் திருநாளுக்கு இது ஒரு வகையில் பங்காளி என்றே சொல்லலாம்.

இதைக் கண்டு சில தேசபக்தர்கள், “வெள்ளைக்காரன் பேய் நம் நாட்டுக்குள் வந்துவிட்டது, நம் கலாச்சாரம் கெட்டுப்போய்விட்டது” என்று கூச்சல் போடுகிறார்கள். சுதேசிப் பேய் இருக்க விதேசிப் பேய் எதற்கு என்பது இவர்களுடைய வழக்கு! துணிக்கும் சர்க்கரைக்கும்தான் சுதேசி பேசுவார்கள் என்று இருந்தோம். நமக்கு இந்த இரண்டு கட்சியிலும் சேர உத்தேசமில்லை. எந்தப் பேயானாலும் அதற்குச் சட்டை தைத்தவன் யார், முகத்துக்குச் சாயம் பூசியவன் யார், அதைக் காட்டிக் கூலி வாங்குகிறவன் யார் என்பதே நம்முடைய கேள்வி.

அந்த வெள்ளைக்காரப் பேய்களையே முதலில் எடுத்துக்கொள்ளுவோம். டிராகுலா என்று ஒரு இரத்தம் குடிக்கும் பிரபு. இவனுக்கு அப்பன் பிராம் ஸ்டோக்கர் என்கிற ஐரிஷ்காரர். 1897-ல் எழுதிய கதைப் புத்தகத்தில் இவனைப் பெற்றார். இன்றைக்கு டிராகுலா வேஷம் போடுகிற எல்லோரும் கழுத்துக்குப் பின்னால் காது உயரத்துக்குக் காலர் நிமிர்ந்த ஒரு கறுப்பு அங்கியைப் போட்டுக்கொள்ளுகிறார்கள். பேய்க்கு அவ்வளவு பெரிய காலர் எதற்கு? 1924-ல் இங்கிலாந்தில் இந்தக் கதையை நாடகமாகப் போட்டபோது, பிரபு மேடையில் இருந்தபடியே மாயமாய் மறைய வேண்டியிருந்தது. நடிகர் சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பினால் அந்தக் காலர் அவர் தலையை மறைத்துக்கொள்ளும். அங்கி நின்றபடி நிற்க, ஆசாமி கீழே உள்ள பலகைக் கதவு வழியாக இறங்கிப் போய்விடுவார். வெறும் அங்கி சரிந்து விழும்போது சபை “ஐயோ” என்று அலறும். அவ்வளவுதான் சங்கதி! ஒரு பலகைக் கதவுக்காகத் தைத்த காலரை இன்று உலகம் முழுவதும் பேயின் இலட்சணம் என்று போட்டுக்கொண்டு திரிகிறது.

பிராங்கன்ஸ்டைன் பூதம் என்று இன்னொன்று. தட்டைத் தலையும் கழுத்தில் இரும்பு முளையுமாக இருக்கும். மேரி ஷெல்லி என்ற பெண், இருபது வயது நிறையுமுன் எழுதத் தொடங்கி 1818-ல் வெளியிட்ட கதை அது. பிராங்கன்ஸ்டைன் என்பது அதை உண்டாக்கிய படிப்பாளியின் பேர். அந்தப் பாவப்பட்ட பூதத்துக்குப் பேரே கிடையாது. தட்டைத் தலை கதையில் வந்ததல்ல. 1931-ல் சினிமா எடுத்தபோது ஜாக் பியர்ஸ் என்ற ஒப்பனைக்காரர் போரிஸ் கார்லாப் என்ற நடிகரை உட்கார வைத்து மணிக்கணக்காகச் செய்த வேலை அது.

இவற்றையெல்லாம்விட வேடிக்கை ஒன்று உண்டு. 1978-ல் ‘ஹாலோவீன்’ என்றே பெயர் வைத்து ஒரு படம் எடுத்தார்கள். அதில் வரும் கொலைகாரனின் வெளுத்த முகத்தைப் பார்த்து இலட்சக்கணக்கானவர்கள் நடுங்கினார்கள். படம் எடுத்தவர்களிடம் பணம் கிடையாது. கடைக்குப் போய், டெலிவிஷன் தொடரில் வந்த ஒரு ஆகாயக் கப்பல் தலைவனின் ரப்பர் முகமூடியைச் சொற்ப விலைக்கு வாங்கி, புருவத்தைப் பிடுங்கி, கண் ஓட்டையைப் பெரிதாக்கி, வெள்ளைப் பெயிண்ட் அடித்தார்கள். கதாநாயகனின் முகமே வில்லனின் முகமாகிவிட்டது! பெயிண்ட் டப்பாதான் வித்தியாசம். இன்னொரு படத்துக் கொலைகாரன் 1982 முதல் போட்டுக்கொண்டு வருவது பனிக்கட்டியின்மேல் ஆடும் ஹாக்கி ஆட்டத்தில் கோல் காப்பவன் முகத்தில் அடிபடாமல் இருக்கப் போட்டுக்கொள்ளுகிற தட்டி.

இதையெல்லாம் நாம் ஏன் சொல்லுகிறோம்? அந்த ஊர்ப் பிள்ளைக்கு இந்தப் பேய் எந்த வருஷம் பிறந்தது, யார் செய்தார்கள், கடையில் என்ன விலை என்பது தெரியும். தெரிந்துதான் போட்டுக்கொள்ளுகிறான். ராத்திரி கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுத் தூங்குகிறான். அந்தப் பயத்தினால் அவனுக்கு மிட்டாய் கிடைக்கிறதே ஒழிய, அவனிடமிருந்து ஆடும் கோழியும் யாரும் பிடுங்குவதில்லை.

அதற்காக வெள்ளைக்காரனெல்லாம் பிறக்கும்போதே பகுத்தறிவோடு பிறந்தான் என்று நாம் சொல்லவரவில்லை. அமெரிக்காவில் சேலம் என்று ஒரு ஊர் இருக்கிறது. நம் மாம்பழச் சேலம் அல்ல. அங்கே 1692-ல் சூனியம் வைத்ததாகச் சொல்லி 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். “அவள் ஆவியாக வந்து என்னைக் கிள்ளினாள்” என்பதுதான் சாட்சியம்! மறு வருஷம் புதுக் கோர்ட்டார் இப்படிப்பட்ட சாட்சியம் செல்லாது என்று தள்ளினார்கள். உடனே கைதிகளில் அநேகர் விடுதலையானார்கள். பேய் ஓடிப்போனது மந்திரத்தினால் அல்ல, சாட்சியச் சட்டத்தினால். இன்று அதே ஊரில் அக்டோபர் மாதம் முழுவதும் சூனியக்காரித் தொப்பி விற்றுக் கடைக்காரர்கள் பிழைக்கிறார்கள். தூக்குமரத்துக்கும் தொப்பிக் கடைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எண்ணிப் பாருங்கள்.

நிற்க, நம்முடைய வேஷத்துக்கு வருவோம்.

இங்கிருந்து கிழக்கே போனால் திருச்செந்தூருக்குப் பக்கத்தில் குலசேகரப்பட்டினம். அங்கே முத்தாரம்மன் கோயில் தசரா உங்களுக்குத் தெரியாததல்ல. இந்தக் கூட்டத்திலேயே மாலை போட்டு வேஷம் கட்டினவர்கள் பலர் இருப்பீர்கள். சிலர் 41 நாள், சிலர் 21 நாள் விரதம் இருந்து, காளி, சிவன், ராஜா, ராணி, குறவன், குறத்தி, குரங்கு, கரடி, போலீஸ்காரன், பைத்தியம், பிச்சைக்காரன் என்று எத்தனையோ வேஷம் கட்டி, ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்கிக் கோயில் உண்டியலில் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம். இலட்சக்கணக்கான ஜனங்கள் கூடுகிறார்கள். ஹாலோவீன் வேஷக் கூட்டம் எதுவும் இதற்குமுன் நிற்காது.

இந்த வேஷக்காரர்களைக் கேவலமாகப் பேச நாம் வரவில்லை. ஊரில் வட்டிக்குக் கொடுத்து வாங்குகிறவன் பத்து நாளைக்காவது திருவோட்டை எடுத்து வாசலில் நிற்கிறான் என்றால், அந்தப் பத்து நாளும் அவனுக்குப் பள்ளிக்கூடம். அதில் அவன் என்ன படிக்கிறான் என்பது வேறு சங்கதி. கூலிவேலை செய்கிறவன் ராஜா வேஷம் கட்டுகிறான். வெயிலில் வெந்து, காசைச் சேர்த்து, இரவெல்லாம் கண்விழித்துக் கட்டுகிற அந்த வேஷத்தில் கைவேலை இருக்கிறது, கலை இருக்கிறது. நாமும் பார்த்து இரசிக்கிறோம்.

ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வேண்டும். காளி வேஷம் கட்டுகிற ஆணின் காலில் தெருவிலுள்ள பெண்கள் எல்லாம் விழுகிறார்கள். “அம்மா, அருள்வாக்குச் சொல்லு” என்கிறார்கள். அவன் வீட்டில் உண்மையான ஒரு அம்மா, ஒரு மனைவி, ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கு அந்த மரியாதையில் வீசம் பங்காவது உண்டா? பத்து நாளைக்குப் பெண் வேஷம் கட்டுகிற ஆண் தெய்வமாகிறான். வருஷம் முழுவதும் பெண்ணாகவே வாழ விரும்புகிற திருநங்கை அதே தெருவில் பஸ்ஸுக்கு நின்றால் சிரிக்கிறோம், துரத்துகிறோம். வேஷத்துக்கு இருக்கிற யோக்கியதை மனிதருக்கு இல்லையா?

அன்றியும், அங்கே கொல்லப்படுகிற மகிஷன் யார்? எருமைத்தலை வைத்துக் கோரைப்பல் கட்டினால் எவனும் அசுரன்தான். மைசூர் சாமுண்டி மலையில் அவனுக்குச் சிலை நிற்கிறது. ஜார்க்கண்ட் பக்கத்தில் அசுர் என்கிற பழங்குடி ஜனங்கள் மகிஷனைத் தங்கள் பாட்டன் என்று சொல்லி, மற்றவர்கள் துர்க்கை பூஜை கொண்டாடும்போது துக்கம் காக்கிறார்கள். ஒரு கட்சியாருக்கு வில்லன், இன்னொரு கட்சியாருக்குப் பாட்டன்! கதை எழுதுகிறவன் ஜெயித்தவனாக இருந்தால் கொம்பும் பல்லும் எப்பொழுதும் தோற்றவனுக்குத்தான் முளைக்கும். சினிமாக்காரன் பெயிண்ட் டப்பாவை வைத்துச் செய்ததைப் புராணக்காரன் எழுத்தாணியை வைத்துச் செய்தான்.

இதே குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28-ந் தேதி ஆகாயத்தில் இராக்கெட் விடும் தளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். நம் மேற்கே மகேந்திரகிரியில் இராக்கெட் எஞ்சின்களைக் கொளுத்திப் பரீட்சை பார்க்கிறார்கள். எஞ்சின் நெருப்பைக் கக்கும்போது யாரும் சாமி வந்துவிட்டது என்று ஆடுவதில்லை. எரியெண்ணெய் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று கணக்கு எழுதுகிறார்கள். அந்தக் கணக்கை நம் வீட்டு நெருப்புச் சட்டிக்கும் போட்டுப் பார்க்கக் கூடாதா என்பதுதான் நம் கோரிக்கை.

“சாமி வருகிறதே, அதற்கு என்ன சொல்லுகிறீர்கள்?” என்று கேட்பார்கள். சுடலை மாடன் கொடையில் பார்த்திருப்பீர்கள். சாமியாடி முந்தின நாட்களில் விரதம், தூக்கம் கிடையாது. கணியான் மகுடத்தை மெதுவாகத் தட்ட ஆரம்பித்துப் போகப்போக வேகத்தைக் கூட்டுகிறான். சாம்பிராணிப் புகை, தீவட்டிச் சூடு, குலவைச் சத்தம், ஊர் முழுவதும் இவனையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பட்டினியும் கண்விழிப்பும் ஒரே தாளமும் எதிர்பார்ப்பும் சேர்ந்தால் மனிதனுக்கு ஒரு மயக்கம் வரும். அது ஆப்பிரிக்காவிலும் வருகிறது, சில கிறிஸ்தவ ஜெபக்கூட்டங்களிலும் வருகிறது. அங்கெல்லாம் சுடலை மாடனா போனான்? ஆடுகிறவன் எல்லோரும் புரட்டன் என்று நாம் சொல்லவில்லை. பலர் மெய்யாகவே தன்னை மறந்துதான் ஆடுகிறார்கள். ஆனால் மறந்தது தன்னைத்தான், வந்தது வேறொன்றல்ல. நடுராத்திரியில் சாமி மயான வேட்டைக்குப் போகும்போது யாரும் எதிரே வரக்கூடாது, பார்க்கக்கூடாது என்று கட்டுப்பாடு போடுகிறார்களே, அதுதான் டிராகுலாவின் காலர். பலகைக் கதவைச் சபை பார்த்துவிடக் கூடாது.

இந்தப் பேய்கள் எங்கிருந்து பிறக்கின்றன என்பதற்கு நம் சீமையிலேயே அருமையான அத்தாட்சி ஒன்று இருக்கிறது. 1809-ல் வேலுத்தம்பி காலத்தில் ஆரல்வாய்மொழிக் கோட்டை வரிசையை இங்கிலீஷ் பட்டாளம் பிடித்தது. அந்தச் சண்டையில் படுகாயப்பட்டு இறந்த ஒரு இங்கிலீஷ் அதிகாரியை அங்கிருந்து சுமார் 25 மைல் தூரத்தில் ஒரு தேரி மணலில் புதைத்தார்கள். சில காலம் கழித்து அக்கம்பக்கத்து ஜனங்கள் அந்தத் துரையையும் பேயாக்கிக் கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள். படையல் என்ன தெரியுமா? சாராயமும் சுருட்டும்! இடையன்குடியில் இருந்த கால்டுவெல் பாதிரியார் இதை 1849-ல் அச்சிட்ட தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். (அந்தப் புத்தகம் நம் ஜனங்களில் ஒரு பெருங்கூட்டத்தாரைக் கேவலப்படுத்தி எழுதிற்று என்று பின்னால் பெரிய கிளர்ச்சி நடந்தது. அது நியாயமான கிளர்ச்சியே.) துரைப் பேய்க்குச் சுருட்டு, நம் ஊர்ப் பேய்க்குப் பொங்கலும் கிடாயும். பேய்க்கு நாக்கு இருந்தால் ஆளுக்கொரு ருசியா இருக்கும்? கும்பிடுகிறவன் எதைக் கண்டானோ அதையே பேய் தின்கிறது.

இதே நாங்குநேரியில் 1917-ல் பிறந்தவர் நா. வானமாமலை. பெரிய கோயில் பெயரையே தம் பெயராகக் கொண்ட இவர், கோயிலுக்குள் போய்க் கதை தேடவில்லை. வில்லுப்பாட்டுக்காரர்களிடமும் கிராமத்தாரிடமும் கேட்டுக் கேட்டுக் கதைப்பாடல்களைச் சேகரித்து அச்சில் கொண்டுவந்தார். அதில் முத்துப்பட்டன் கதை ஒன்று. முத்துப்பட்டன் பார்ப்பனன். பொம்மக்கா, திம்மக்கா என்று சக்கிலியர் வீட்டுப் பெண்கள் இருவரை விரும்பினான். அந்தத் தகப்பன், குடுமியையும் பூணூலையும் களைந்துவிட்டுச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வா என்றான். அவனும் செய்தான். கலியாணம் முடிந்து மஞ்சள் காயுமுன் மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுக் கொல்லப்பட்டான். இன்று பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவன் தெய்வம். அவனுக்குச் செருப்பைக் காணிக்கை கட்டுகிறார்கள். ஆனால் அதோடு விட்டார்களா? அந்தப் பெண்கள் பிறப்பில் பார்ப்பனப் பெண்கள்தான், காட்டில் விடப்பட்டுச் சக்கிலியர் வீட்டில் வளர்ந்தார்கள் என்று கதைக்குப் பின்னால் ஒரு ஒட்டுத் தைத்துவிட்டார்கள். வானமாமலை அந்தத் தையலைப் பிரித்துக் காட்டினார்.

நம் தென்பாண்டிச் சீமையின் மாடன், இசக்கி, பட்டவராயன் கதைகளை விசாரித்தால் அநேகம் இப்படித்தான். ஜாதி மாறிக் கலியாணம் செய்தவன், கர்ப்பிணியாகக் கொல்லப்பட்டவள், களவுப் பழி போட்டு வெட்டப்பட்டவன். உயிரோடு இருந்தபோது நியாயம் கேட்க நாதியில்லை. வெட்டினவனுக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மாடு செத்தால் அவள் பழி, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அவன் பழி என்று பயந்து, பீடம் போட்டு, கிடா வெட்டி, வருஷத்துக்கு ஒரு கொடை கொடுத்துக் கணக்கைத் தீர்த்துக்கொண்டான். கொலைக்கு ஜெயில் இல்லை, பொங்கல்தான்! கொன்றவனின் பயத்துக்குச் சட்டை தைத்து மாட்டியதுதான் நம் ஊர்ப் பேய். சினிமாக்காரர்களும் இதைத் தெரிந்தோ தெரியாமலோ பிடித்துக்கொண்டார்கள். 1966-ல் ‘யார் நீ?’ படத்தில் வெள்ளைச் சேலை. 2011-ல் ‘காஞ்சனா’ படத்தில் அநியாயமாகக் கொல்லப்பட்ட திருநங்கை ஆவியாக வந்து பழி வாங்கினாள். கொட்டகை முழுவதும் கைதட்டிற்று. உயிரோடு வந்து போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் கைதட்ட எத்தனை பேர் வருவார்கள்?

பேய் ஏன் பெரும்பாலும் பெண்களையே பிடிக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். மாமியார் கொடுமை, பிள்ளையில்லாத ஏச்சு, குடிகாரப் புருஷன், வாயைத் திறந்து சொன்னால் அடி. அதே சொல்லைத் தலைமயிரை அவிழ்த்துப்போட்டுப் பேய் சொல்லுவதாகச் சொன்னால் கேட்கிறார்கள். அவளுக்கும் அது ஒரு வேஷம்தான், பாவம், வேறு வழி இல்லாத வேஷம். அதற்கும் கடைசியில் வேப்பங்குழை அடிதான் கிடைக்கிறது. மெய்யாகவே மூளை நோய் கண்டவர்கள் பாடு இன்னும் மோசம். 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் என்ன நடந்தது? இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதமில்லாமல் தங்கள் வீட்டு நோயாளிகளைப் பேயோட்டும் நம்பிக்கையில் அங்கே கொண்டுபோய்விட, அதை வைத்துப் பிழைத்த தனியார் விடுதிகளில் சங்கிலியால் கட்டிவைத்தார்கள். ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. கட்டிப்போட்டவர்கள் எப்படி ஓடுவார்கள்? 28 பேர் வெந்து செத்தார்கள். அவர்களைப் பிடித்திருந்தது பேயல்ல, சங்கிலி. மாத்திரையும் வைத்தியரும் ஜில்லா ஆஸ்பத்திரியில் இருக்கும் காலத்தில் நடந்த காரியம் இது.

இலங்கையில் ஆபிரகாம் கோவூர் என்றொரு பகுத்தறிவாளர் இருந்தார். திருவல்லாவில் 1898-ல் பிறந்து கொழும்பில் 1978-ல் இறந்தவர். பேய் வீடு என்று சொல்லப்பட்ட வீடுகளில் போய்ப் படுத்துத் தூங்கினார். மோசடிக்கு இடமில்லாமல் ஒரு அற்புதம் செய்து காட்டுகிறவனுக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963-ல் பந்தயம் வைத்தார். சாகும்வரை அந்தப் பணம் அவரிடமே இருந்தது. பேய் பிடித்ததாகக் கொண்டுவரப்பட்டவர்களை உட்கார வைத்து, “உனக்கு வீட்டில் என்ன கஷ்டம்?” என்று கேட்டார். நூறு மந்திரவாதிகள் கேட்காத கேள்வி அது.

கடைசியாக, இந்த ஊர்ச் சங்கதி ஒன்றைச் சொல்லாமல் போக நமக்கு மனமில்லை. பேய் வேஷத்தைப் பேச நாங்குநேரிக்கு வந்ததே அதற்காகத்தான்.

2023 ஆகஸ்ட் மாதம் இங்கே ஒரு தாழ்த்தப்பட்ட வீட்டுக்குள் ராத்திரி நேரத்தில் அரிவாளோடு புகுந்து, பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஒரு பையனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள். நாடு முழுவதும் தெரிந்த சங்கதி. வந்தவர்கள் முகமூடி போடவில்லை. கோரைப்பல் கட்டவில்லை. வெட்டியதாகப் பிடிபட்டவர்களும் பள்ளிக்கூடத்துச் சிறுவர்கள்தான். சினிமாவில் கத்தி எடுத்த கொலைகாரனுக்கு முகத்தை மறைக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவன் செய்வது தப்பு என்று அவனுக்கே தெரியும். ஜாதித் திமிர் ஏறியவனுக்கு முகத்தை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. அவன் தப்பென்று நினைத்தால்தானே?

அவனுக்கு வேஷம் இல்லையா என்றால், இருக்கிறது. கையில் கட்டுகிற கயிறுதான் அந்த வேஷம். ஒரு ஜாதிக்கு ஒரு நிறம், இன்னொரு ஜாதிக்கு இன்னொரு நிறம் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். இது சாமி கயிறு என்று வாத்தியாரிடம் சொல்லுகிறார்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சர்க்கார் அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் ஒருநபர்க் கமிட்டி, 2024 ஜூன் மாதம் அறிக்கை கொடுத்தது. இந்த வண்ணக் கயிறுகளும், மோதிரங்களும், நெற்றிக் குறிகளும் பள்ளிக்குள் கூடாது, பள்ளிகளின் பேரிலும் ஜாதி கூடாது என்று அதில் சொல்லியிருக்கிறது. உடனே, “எங்கள் மதத்தில் கைவைக்கிறார்கள்” என்று சிலர் கிளம்பினார்கள். எந்த மதத்தில் நிறத்துக்கு நிறம் பகை எழுதியிருக்கிறது என்று அவர்கள் காட்டவில்லை. குலசேகரப்பட்டினம் தசராவுக்கே ஜாதி ரிப்பனும் ஜாதிக் கொடியும் கொண்டுவரக் கூடாது, இரும்பு ஆயுதம் கூடாது என்று போலீசார் எச்சரிக்கை போடவேண்டியிருக்கிறது. காளிக்குப் பத்துக் கை கட்டுகிறவன் பதினோராவது கையில் ஜாதிக் கொடியைப் பிடித்துக்கொண்டு வந்தால் வேறென்ன செய்வார்கள்?

காளி வேஷம் பத்தாம் நாள் கலைகிறது. டிராகுலா அங்கி மறுநாள் பெட்டிக்குள் போகிறது. இந்தக் கயிறு குளிக்கும்போதும் கையில் இருக்கிறது, தூங்கும்போதும் இருக்கிறது. அதைக் கட்டிவிடுகிறவன் யார்? பத்து வயதுப் பையன் தானாகவா கடைக்குப் போய் நிறம் பார்த்து வாங்கினான்? அண்ணன், மாமன், தெருச் சங்கத்துத் தலைவன், தேர்தலுக்குத் தேர்தல் வந்து போகிற கனவான், இவர்களில் ஒருவர் கட்டிவிட்டிருப்பார். அவர்கள் பிள்ளைகளில் சிலர் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் கயிறில்லாமல் படித்துக்கொண்டிருப்பார்கள். அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடி, பிறகு கூர்நோக்கு இல்லத்துக்குப் போவது ஏழை வீட்டுப் பிள்ளைதான். பெற்றோர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம்: இன்று ராத்திரி பிள்ளை தூங்கும்போது மணிக்கட்டைப் பாருங்கள். கயிறு இருந்தால் யார் கட்டினார்கள் என்று காலையில் கேளுங்கள். அடிக்க வேண்டாம், கேட்டால் போதும்.

மேஜையின்மேல் ஒரு காளி முகமூடியும், கோரைப்பல்லும், சடைமுடியும் விலைக்கு வாங்கிவைத்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் பிள்ளைகள் பயமில்லாமல் வந்து எடுத்துப் பார்க்கலாம். போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் பயங்காட்டியும் விளையாடலாம். உள்பக்கத்தைத் திருப்பிக் கம்பி எங்கே கட்டியிருக்கிறது, பசை எங்கே ஒட்டியிருக்கிறது என்று அவசியம் பாருங்கள். பக்கத்தில் ஒரு கத்தரிக்கோலும் வைத்திருக்கிறோம். அது கயிறு கட்டியிருக்கிற பிள்ளைகளுக்கு. யாரையும் கட்டாயப்படுத்துவதாக இல்லை. கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் சீட்டில் எழுதித் தலைவரிடம் கொடுக்கலாம். பேர் போடவேண்டும் என்பதில்லை.